ஹாலோவீன் பலகாரமும் காலைச் சிற்றுண்டியும்: என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன், அதாவது அக்டோபர் 31, நெருங்கினால் அமெரிக்க, கனடா வீடுகளில் கேரமல் ஆப்பிள், பரங்கிக்காய் பான்கேக், மெரிங் பேய் (வெள்ளைக்கரு நுரையில் செய்வது), மம்மி ரோல் (சாசேஜில் மாவுப் பட்டை சுற்றிச் சுடுவது) என்று அடுப்படி களைகட்டிவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் செய்கிற பண்டங்கள் என்பதால் கை பழகுவதில்லை. அதனால் அதே கோளாறுகள் வருஷா வருஷம் திரும்ப வருகின்றன. உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அளவுகளில் ஒரு கப் என்பது 240 மில்லி, ஒரு டீஸ்பூன் 5 மில்லி, ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி. டிகிரி என்று மட்டும் சொன்னால் அது செல்சியஸ்.

எதையும் தொடங்குமுன் மூன்று சோதனை

பாகு வெப்பமானி: தளதளவெனக் கொதிக்கும் தண்ணீரில், முனை அடியில் படாமல் பிடியுங்கள். 100 டிகிரி செல்சியஸ் (212 ஃபாரன்ஹீட்) காட்ட வேண்டும். 97 காட்டினால் உங்கள் மானி 3 டிகிரி குறைத்துக் காட்டுகிறது, எனவே 118 என்று சொல்லும் இடத்தில் 115-இலேயே இறக்குங்கள். மேட்டு நிலத்தில் தண்ணீர் கொதிக்கும் சூடே குறைவு. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி குறையும். டென்வர் போன்ற ஊரில் 95 காட்டினால் மானியில் பழுதில்லை. அங்கே பாகின் இலக்கையும் அதே 5 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

பேக்கிங் பவுடர்: ஒரு டீஸ்பூனைச் சூடான தண்ணீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். சமையல் சோடாவுக்கு இதே சோதனையை வினிகரில் செய்யுங்கள்.

ஓவன்: உள்ளே வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. ஓவனின் முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்பிப் பண்டம் வைக்க வேண்டாம்.

## கேரமல் ஆப்பிள்

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுக்கு: வெண்ணெய் 225 கிராம், பழுப்புச் சர்க்கரை 440 கிராம், கார்ன் சிரப் 1 கப், கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (397 கிராம்). அடி கனத்த பாத்திரத்தில், மிதமான தீயில், கைவிடாமல் கிளறி 118 முதல் 120 டிகிரி (245–248 ஃபாரன்ஹீட்) வரை காய்ச்சி இறக்க வேண்டும். நடுத்தர அளவு ஆப்பிள் 8 முதல் 10 வரை முக்கலாம். புளிப்பும் கெட்டித் தன்மையும் உள்ள கிரானி ஸ்மித் ரகம் நன்றாக நிற்கும்.

### கேரமல் வழுக்கி இறங்கி அடியில் குளம் கட்டுகிறது

எல்லோரும் முதலில் கேரமலைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் ஆப்பிளின் தோலில் இருக்கும்.

முதல் காரணம் மெழுகு. கடை ஆப்பிளில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். நகத்தால் லேசாகச் சுரண்டினால் நகக்கண்ணில் வெள்ளையாகத் திரளும். கொதிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டு, ஆப்பிளை 5 முதல் 10 விநாடி முக்கி எடுத்து, சொரசொரப்பான துணியால் அழுத்தித் தேயுங்கள். தோல் மங்கிப்போய், விரல் வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதுதான் அடையாளம். பத்து விநாடிக்கு மேல் போனால் தோலுக்கு அடியில் சதை வெந்து மாவாகிவிடும்.

இரண்டாவது, குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த ஆப்பிளில் கண்ணுக்குத் தெரியாத வியர்வை படிந்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்து, முக்குவதற்கு முன் இன்னொரு முறை துடையுங்கள். காம்புக் குழியை மறந்துவிடாதீர்கள். அதில் தேங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், அந்த இடத்தில் கேரமல் பிடிக்காது.

மூன்றாவது, கேரமலின் சூடு. அடுப்பிலிருந்து இறக்கியதும் முக்கக் கூடாது. 82 முதல் 88 டிகிரிக்கு ஆறட்டும். கரண்டியைத் தூக்கினால் நூலாக ஓடாமல் பட்டையாக, சோம்பலாக மடிந்து விழ வேண்டும். முக்கி எடுத்ததும் ஆப்பிளைச் சாய்த்துச் சுழற்றி, அடிப்பாகத்தைப் பாத்திர விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு, வெண்ணெய் தடவிய பேக்கிங் தாளில் வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறங்கினால், பாகு பதம் எட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலில் திரண்டு, அழுத்தினால் மட்டும் நசுங்குகிற உருண்டையாக வர வேண்டும். விரலிடுக்கில் வழிந்தால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். இரண்டு டிகிரி வித்தியாசமே இந்தக் கோளாறுக்குப் போதும்.

### கேரமல் மணல் மணலாக, நறநறவென்று இருக்கிறது

மைசூர்பாகு, கடலை மிட்டாய் செய்தவர்களுக்குப் பழக்கமான தொல்லை இது. பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிய கரையாத சர்க்கரை உள்ளே விழுந்து, மொத்தப் பாகையும் பூக்க வைத்துவிடுகிறது.

பாகு கொதிக்கத் தொடங்குமுன் சர்க்கரை முழுக்கக் கரைந்ததா என்று பாருங்கள். கரண்டியின் பின்புறத்தை விரலால் வழித்துத் தேய்த்தால் துகள் தட்டக் கூடாது. கொதி வந்ததும், ஈரப் பிரஷால் பக்கவாட்டை மேலிருந்து கீழாகத் துடைத்துவிடுங்கள். கார்ன் சிரப்பை விட்டுவிட்டு வெறும் சர்க்கரையில் செய்திருந்தால் காரணம் அதுதான். லிக்விட் குளுக்கோஸ் அல்லது கோல்டன் சிரப் அதே அளவில் போடலாம்.

பூத்துவிட்ட கேரமலைக் கொட்ட வேண்டாம். கால் கப் அல்லது சற்று மேலாக, 60 முதல் 80 மில்லி வெந்நீர் விட்டு, சிறு தீயில் துகள் முழுதும் மறையும்வரை கரைத்து, மறுபடி 118-க்குக் கொண்டுவாருங்கள். இதை ஒரு முறை செய்யலாம். இரண்டாம் முறை பால் அடிபிடித்துக் கருகல் வாசம் வந்துவிடும்.

### எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது

தீயைத் திடீரென்று ஏற்றியிருப்பீர்கள், அல்லது கிளறுவதை நிறுத்தியிருப்பீர்கள். அடுப்பைக் குறைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு, ஒரே பக்கமாக நிதானமாகக் கிளறுங்கள். சேரவில்லையென்றால் இன்னொரு டேபிள்ஸ்பூன். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் இது அடிக்கடி வரும். பாத்திரத்தை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

### கடித்தால் பல்லே பெயர்கிறது

பதம் தாண்டிவிட்டது. இன்னும் பாத்திரத்தில் இருந்தால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் சூடான கிரீம் விட்டுக் கரைத்து, 118 வந்ததும் இறக்குங்கள். ஆப்பிளில் ஏறிய பிறகு மாற்ற முடியாது. துண்டு போட்டுக் கொடுங்கள், முழுதாகக் கடிக்க விடாதீர்கள். கருகல் கசப்பு ஏறியிருந்தால் அந்தக் கேரமலுக்கு மருந்து கிடையாது.

### குச்சியைச் சுற்றிச் சாறு கசிகிறது

இதை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. குச்சி குத்திய துளை வழியாகச் சாறு வெளியேறி, கேரமலுக்கும் தோலுக்கும் நடுவில் ஈரப் படலமாகத் தங்குகிறது. லிஸ்டீரியா கிருமி அறை வெப்பத்தில் அந்த இடத்தில் மளமளவெனப் பெருகும். 2014-இல் அமெரிக்காவில் கடையில் விற்ற கேரமல் ஆப்பிள்கள் மூலம் 12 மாநிலங்களில் 35 பேருக்கு இந்தத் தொற்று வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது.

செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேசையில் அலங்காரத்துக்காக இரண்டு மூன்று நாள் நின்ற ஆப்பிளைக் கொட்டிவிடுங்கள். அடி பட்டது, கன்றியது, தோல் கிழிந்தது எதிலும் குச்சி குத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் பழையதைத் தொடவே கூடாது. அப்படிச் சாப்பிட்ட கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ உடல்வலியோ வந்தால், பல நாள் கழித்து வந்தாலும், என்ன சாப்பிட்டார் என்பதைச் சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

### சூட்டுப் பாகு கையில் தெறித்துவிட்டது

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள், தண்ணீரில் தானே இளகும். ஐஸ், வெண்ணெய், மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். முகம், உள்ளங்கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, குழந்தைக்குப் பட்டாலோ, கொப்புளம் பெரிதாக எழும்பினாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

## பரங்கிக்காய் பான்கேக்

மாவு 150 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்புப் பொடிகள் சேர்ந்து ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன். தனியாக பட்டர்மில்க் 1 கப், பரங்கி விழுது 120 கிராம், முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். இரண்டையும் சேர்த்து, கட்டிகள் இருக்கும்போதே கலக்குவதை நிறுத்த வேண்டும்.

### மேலே சிவந்துவிட்டது, நடுவில் பச்சை மாவு

தீ அதிகம். பரங்கியிலும் சர்க்கரையிலும் உள்ள இனிப்பு சீக்கிரம் கருகும். உள்ளே ஈரம் ஆற நேரம் எடுக்கும். சாதாரண பான்கேக்குக்கு வைக்கும் தீயிலிருந்து ஒரு படி குறையுங்கள். கல்லுக்குக் கால் கப் மாவு போதும். முதல் பக்கம் 3 நிமிடம், மறுபக்கம் 2 நிமிடம். குமிழி வெடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், கெட்டி மாவில் குமிழி குறைவாகத்தான் வரும். ஓரம் பளபளப்பு இழந்து உலர்ந்ததும் திருப்புங்கள்.

தீ குறைத்தும் கொழகொழவென்றிருந்தால் விழுதைப் பாருங்கள். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால் குவியலாக நிற்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் பிரிந்து ஓடினால் அது ஆகாது. வாசலில் முகம் செதுக்கும் பெரிய பரங்கிக்காய் நாராகவும் தண்ணீராகவும் இருக்கும். சமையலுக்கு ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்று விற்கும் சின்னக் காய்தான் சரி. தண்ணீர் விழுதை அகன்ற வாணலியில் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிய வேண்டும். ஆறிய பிறகே மாவில் சேருங்கள்.

டின் வாங்கியிருந்தால் லேபிளைப் படியுங்கள். வெறும் பரங்கி விழுதும், பை செய்வதற்காகச் சர்க்கரையும் மசாலாவும் கலந்த விழுதும் ஒரே அளவு டின்னில், ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டாவதை எடுத்துவிட்டால் பான்கேக் தித்திக்கும், கல்லில் ஒட்டும், கருகும். எடுத்தாகிவிட்டது என்றால் சர்க்கரையையும் மசாலாவையும் முழுக்க விட்டுவிடுங்கள்.

இன்னொன்று நம்மவர் வீடுகளில் அடிக்கடி நடப்பது: பட்டர்மில்க் என்றதும் வீட்டு மோரை ஊற்றுவது. கடையில் அட்டைப் பெட்டியில் வரும் பட்டர்மில்க் கெட்டியானது, நம் மோர் அதில் பாதி அடர்த்திகூட இராது. முக்கால் கப் கெட்டித் தயிரில் கால் கப் தண்ணீர் கலந்து அடித்தால் அந்த அடர்த்தி வரும்.

### எழும்பவே இல்லை, அடை மாதிரி தட்டை

பேக்கிங் பவுடர் சோதனையைச் செய்யுங்கள். அது சரியென்றால், மாவைக் கலந்துவிட்டு எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? 5 முதல் 10 நிமிடம் ஊறலாம். அரை மணி நேரத்தில் சோடாவின் வேகம் போய்விடும். தோசை மாவு போல முந்தின இரவே கலந்து வைக்க இது தோதுப்படாது. இரவில் உலர்ந்ததைத் தனியாகவும் ஈரமானதைத் தனியாகவும் எடுத்து வைத்து, காலையில் சேருங்கள்.

கறுப்பு பான்கேக்குக்காகக் கறுப்புக் கோகோ போட்டிருந்தால் காரணம் வேறு. அதில் புளிப்பு நீக்கப்பட்டிருக்கும், சோடாவை அது எழுப்பாது. பட்டர்மில்க் இல்லாத குறிப்பென்றால் சோடாவை எடுத்துவிட்டு, கால் டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் பேக்கிங் பவுடரைக் கூட்டுங்கள்.

### ரப்பர் மாதிரி இழுக்கிறது

அதிகம் அடித்துவிட்டீர்கள். மிக்ஸியிலோ எலெக்ட்ரிக் பீட்டரிலோ இந்த மாவைக் கலக்கவே கூடாது. கரண்டியால் பன்னிரண்டு சுற்று, போதும்.

### வரைந்த பேய் முகம் தெரியவில்லை

பிள்ளைகள் ஆவலோடு காத்திருப்பது இதற்குத்தான், கொஞ்சம் பொறுமையாகச் செய்தால் அழகாக வரும். கால் கப் மாவில் ஒரு டீஸ்பூன் கோகோ கலந்து, முனை குறுகிய பிழிகுப்பியில் ஊற்றுங்கள். கல்லில் கண், மூக்கு, பல் வரைந்து 45 விநாடி முதல் ஒரு நிமிடம் விடுங்கள். வரைந்தது மேலே மங்கலானதும் அதன்மேல் மஞ்சள் மாவை மையத்திலிருந்து ஊற்றுங்கள். திருப்பினால் முகம் வரும். எழுத்து வரைந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறும்.

முகம் திட்டுத் திட்டாக இருந்தால் கல்லில் வெண்ணெய் தேங்கியிருக்கிறது. எண்ணெய் தடவி, காகிதத் துண்டால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும். கல் காய்ந்தது போலத்தான் தெரியும், ஆனாலும் ஒட்டாது. கோடு பரந்து ஓடினால் கரைத்த மாவு நீர்த்திருக்கிறது, ஒரு டீஸ்பூன் உலர்ந்த மாவு கூட்டுங்கள்.

### ஊதா பான்கேக் பச்சையாகிவிட்டது

புளூபெர்ரியோ ஊதாக் கிழங்கோ சேர்த்த மாவில் சோடா கூடினால் நிறம் பச்சைக்கும் சாம்பலுக்கும் போகும். சோடாவை விலக்கிப் பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பச்சையானதைச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

### அடுக்கி வைத்ததும் சொதசொதக்கிறது

ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஆவி உள்ளேயே தங்கும். 95 டிகிரி ஓவனில் கம்பித் தட்டின்மேல் ஒற்றை அடுக்காக வையுங்கள்.

## மெரிங் பேய்கள்

வெள்ளைக்கரு 3 (சுமார் 90 கிராம்), பொடிச் சர்க்கரை அல்ல, மெல்லிய பரல் சர்க்கரை 160 கிராம், க்ரீம் ஆஃப் டார்டர் (நுரையை நிறுத்தும் புளிப்புப் பொடி) கால் டீஸ்பூன். அது இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். 95 டிகிரியில் (200 ஃபாரன்ஹீட்) ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற விட வேண்டும்.

நுரை கெட்டிப்படவில்லை. எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணம் கழுவினாலும் பசையை விடாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்திருந்தாலும் வராது. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பாஸ்டுரைஸ் செய்த வெள்ளைக்கரு சரியாக எழும்பாது.

பேய் குட்டையாகப் படுத்துவிட்டது. சர்க்கரையை அவசரமாகக் கொட்டியிருக்கிறீர்கள். நுரை மெல்லிய முகடு விட்டதும் டேபிள்ஸ்பூன் டேபிள்ஸ்பூனாகச் சேருங்கள். இரு விரலில் தேய்த்தால் பரல் தட்டக் கூடாது. பீட்டரைத் தூக்கினால் முகடு வளையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மேலே தேன் போன்ற சொட்டுகள் பூக்கின்றன. சர்க்கரை கரையவில்லை, அல்லது ஓவன் சூடு கூடிவிட்டது. இரண்டாவதென்றால் பேய் லேசாகப் பழுத்தும் இருக்கும்.

வெளியே எடுத்ததும் பிசுபிசுக்கிறது. மழை நாள், காற்றில் ஈரம். 95 டிகிரியில் இன்னும் 20 நிமிடம் உலர்த்தி, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். கண்களை உருக்கிய சாக்லேட்டால் கடைசியில் வையுங்கள், வேகுமுன் வைத்தால் வழியும்.

## சாக்லேட், கேண்டி மெல்ட் (உருக்கிப் பூசும் வண்ண மிட்டாய் வில்லை) பூச்சு

### உருக்கும்போது திடீரென்று கட்டியாகிவிட்டது

தண்ணீர் பட்டுவிட்டது. ஈரக் கரண்டி, கொதி ஆவி, துடைக்காத ஸ்ட்ராபெரி, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். தண்ணீரில் கரைத்த நிறமும் இதே வேலையைச் செய்யும். கேக் ஐசிங்குக்கு வாங்கிய ஜெல் நிறத்தை வெள்ளைச் சாக்லேட்டில் விட்டால் கண் முன்னால் களிமண்ணாகத் திரளும். சாக்லேட்டுக்கென எண்ணெயில் கரைத்த நிறம் தனியாக விற்கிறார்கள், அதுதான் வேண்டும்.

கட்டியானதைப் பூச்சாக மீட்க முடியாது. சூடான பாலை ஒவ்வொரு டீஸ்பூனாக விட்டு அடித்தால் பளபளப்பான குழம்பாகும்; காலை பான்கேக்மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

### கெட்டியாக, திட்டுத்திட்டாகப் பூசுகிறது

ஈரம் படவில்லையென்றால் சூடு அதிகமாகியிருக்கிறது. வெள்ளைச் சாக்லேட் 45 டிகிரி தாண்டினாலே முரண்டு பிடிக்கும். மைக்ரோவேவில் பாதி சக்தியில் 30 விநாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30. கடைசிக் கட்டிகள் கிளறும் சூட்டிலேயே உருகட்டும். இளக்க வேண்டுமானால் ஒரு கப் துண்டுகளுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். பால் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

### ஸ்ட்ராபெரிப் பேயின் போர்வை கழன்று விழுகிறது

பழத்தைக் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் துணியில் பரப்பி உலர்த்துங்கள். பரிமாறுவதற்கு நாலைந்து மணி நேரத்துக்கு முன் முக்கினால் போதும். முந்தின நாளே செய்தால் எப்படியும் சாறு விடும்.

## கறுப்பு ஐசிங் சாம்பலாகவே நிற்கிறது

நிறத்தைக் கொட்டிக்கொண்டே போகாதீர்கள், கசக்கும், பல்லும் நாக்கும் கறுக்கும். முதலில் ஒரு கப் ஐசிங்கில் 2 டேபிள்ஸ்பூன் கோகோ கலந்து பழுப்பாக்குங்கள். பிறகு கறுப்பு ஜெல் சேர்த்து, அடர்சாம்பல் வந்ததும் நிறுத்தி, மூடி ஒரு இரவு வையுங்கள். விடிந்தால் தானே கறுத்திருக்கும். ஆரஞ்சு நிறம் வெள்ளையில் ஊறினால், முதல் அடுக்கை 6 முதல் 8 மணி நேரம் காயவிடாமல் அடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள்.

## வறுத்த பரங்கி விதை தோலாக மெல்லுகிறது

ஓடு வேகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு விதையை 10 நிமிடம் கொதிக்க விட்டு, வடித்து, துணியில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி 175 டிகிரியில் 15 முதல் 25 நிமிடம், நடுவில் ஒரு முறை கிளறி. பாதி கருகி பாதி பச்சையாக இருந்தால் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருக்கிறது. செதுக்கிய அன்று எடுத்த விதை மட்டும்தான் நல்லது. மெழுகுவர்த்தி ஏற்றி வாசலில் நின்ற பரங்கியிலிருந்து எதையும் எடுத்துச் சமைக்க வேண்டாம்.

## மம்மி ரோல்: அடி ஊறிப்போகிறது, கட்டுப் பிரிகிறது

சாசேஜைக் காகிதத் துண்டில் உருட்டித் துடையுங்கள், பனீர் விரல்களாக இருந்தாலும் அப்படியே. மாவுப் பட்டை ஒரு சென்டிமீட்டர் அகலம் போதும். இழுத்துச் சுற்றினால் ஓவனில் சுருங்கிப் பிரியும், தளர்வாகச் சுற்றி நுனியை அடியில் செருகுங்கள். மாவு கையில் ஒட்டத் தொடங்கினால் 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி தொடருங்கள். 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். நாலு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாட்டில் நாலாகக் கீறிக் கொடுங்கள்.

## சிலந்திவலை முட்டையில் வலை விழவில்லை

வேகவைத்த முட்டையின் ஓட்டை லேசாகத் தட்டியிருப்பீர்கள். உள் சவ்வு வரை விரிசல் போக வேண்டும், ஆனால் ஓடு உதிரக் கூடாது. கரண்டியின் பின்புறத்தால் சுற்றிலும் தட்டி, நிறத் தண்ணீரில் முழுக்கி ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் அதிகம் வெந்துவிட்டது. 11 நிமிடத்தில் எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள்.

## பிள்ளைக்கு உதடு வீங்குகிறது, தடிப்பு ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது

இது கடுமையான உணவு ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கான அவசர மருந்தான எபிநெஃப்ரின் ஊசி கைவசம் இருந்தால் உடனே தொடையில் போட்டு, அவசர எண் 911-ஐ அழையுங்கள். கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருக்கும் வேலை வேண்டாம். ஊசி போட்டபின் தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தீபாவளி பெரும்பாலும் இதே வாரங்களில் வரும், 2024-இல் அக்டோபர் 31 அன்றே வந்தது. முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரிலேயே சர்க்கரை பொடிப்பதும், பாதாம் வறுத்த வாணலியிலேயே கேரமல் காய்ச்சுவதும் சகஜமாக நடக்கும். வெளிப்பிள்ளைகள் சாப்பிடப் போகிற பண்டத்துக்கு ஜாரையும் வாணலியையும் சோப்புப் போட்டுக் கழுவி, கரண்டியை மாற்றுங்கள்.

ஹாலோவீன் அன்று மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டுப் பலகாரம் கொடுக்க வேண்டாம். எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும், உறையிடாத பண்டத்தைப் பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அது சரியும்கூட. அவர்களுக்கு உறையிட்ட மிட்டாயும், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குப் பென்சில், ஸ்டிக்கர் போன்ற சின்னப் பொருளும் வையுங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பரங்கி இருந்தால் அந்த வீட்டில் உணவல்லாத பரிசு உண்டு என்று அர்த்தம். ஃபேர் என்ற ஒவ்வாமை விழிப்புணர்வு அமைப்பு 2014-இல் இதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்தது. கேரமல் ஆப்பிளும் மெரிங்கும் தெரிந்த வீட்டாருக்கு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

## எதை வைத்தாலும் ஒரு பக்கம் கருகுகிறது, அல்லது வேகவே இல்லை

ஒரே நாளில் மெரிங் பழுத்து, விதை கருகி, ரோலின் அடி வெளுத்திருந்தால் கோளாறு பண்டத்தில் இல்லை, ஓவனில்.

முதலில் தட்டு. கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் கருக்கும், வெளிர்நிற அலுமினியத் தட்டுக்கு மாற்றுங்கள். நடு அடுக்கில் ஒரே தட்டு வைத்துப் பாருங்கள். இரண்டு வைத்தால் பாதி நேரத்தில் இடம் மாற்றி, முன்பின்னாகத் திருப்ப வேண்டும்.

அடுத்து வெப்பமானி. நடு அடுக்கில் தொங்கவிட்டு 175-க்கு வைத்து, சூடேறிய மணி அடித்த பிறகும் 20 நிமிடம் காத்திருங்கள். பத்து நிமிட இடைவெளியில் நாலு முறை படித்துச் சராசரி எடுங்கள். 10 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் அதைக் கணக்கில் வைத்துச் சமைக்கலாம். அதற்கு மேல், எப்போதும் ஒரே அளவு கூடவோ குறையவோ இருந்தால், பல டிஜிட்டல் ஓவன்களில் கையேட்டில் சொன்னபடி பொத்தானை அழுத்தியே அளவைத் திருத்தலாம். கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும், அதுவும் பெரிய செலவில்லை.

பின்வரும் எதுவும் இருந்தால் கை வைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்: படித்த எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்குகின்றன, மின் ஓவனில் அடிச் சுருளின் ஒரு பகுதி சிவக்கவில்லை, அல்லது கொப்புளம், வெடிப்புத் தெரிகிறது (அப்போது பிரேக்கரை அணைத்துவிடுங்கள்), காஸ் ஓவனில் இக்னைட்டர் சிவந்து ஒன்றரை நிமிடம் ஆகியும் தீ பிடிக்கவில்லை.

காஸ் வாசனை அடித்தால் மெக்கானிக் இல்லை. விளக்கு, விசிறி எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, தெருவில் நின்று காஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.